ஒரே ஹெலிகாப்டர், ஒரு பைலட்டா இரண்டு பைலட்டா: லைசென்ஸ் எங்கே மாறுகிறது?

கேள்வி கேட்டவர் அமெரிக்காவில் ராபின்சன் ஆர்44-இல் பயிற்சி எடுத்து கமர்ஷியல் லைசென்ஸ் வாங்கியவர். இப்போது ஐரோப்பாவில் வேலை தேடுகிறார். அங்கே ஒரு நிறுவனம் ஏர்பஸ் எச்145-ஐ ஒரே பைலட்டை வைத்து ஓட்டுகிறது, இன்னொரு நிறுவனம் அதே எச்145-ஐ இரண்டு பைலட்டுகளோடு ஓட்டுகிறது. அவருக்கு மூன்று சந்தேகங்கள். இரண்டாவது நிறுவனத்தில் சேர வேறு லைசென்ஸ் வேண்டுமா? அங்கே கேப்டன் ஆக, கமர்ஷியலுக்கு மேலே இருக்கும் ஏ.டி.பி.எல். என்ற உயர் லைசென்ஸ் கட்டாயமா? ஒரு பைலட் போதும் என்று சான்று பெற்ற ஹெலிகாப்டரில் கோ-பைலட்டாக உட்கார்ந்த நேரம் லாக்புக்கில் செல்லுமா?

முதலில் நேரடியான பதில். லைசென்ஸ் அதேதான், ஐரோப்பிய கமர்ஷியல் லைசென்ஸ் இரண்டுக்கும் அடிப்படை. ஆனால் அதன் மேல் ஏற வேண்டிய பயிற்சியும் ரேட்டிங்கும் (லைசென்ஸில் சேர்க்கும் கூடுதல் தகுதி) வேறு வேறு. கேப்டனுக்கு ஏ.டி.பி.எல். வேண்டுமா என்பது ஹெலிகாப்டரில் எத்தனை பயணி இருக்கை, கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கும் ஐ.எஃப்.ஆர். பயணமா இல்லையா என்பதைப் பொறுத்தது. கோ-பைலட் நேரம் செல்லும், ஆனால் அந்தப் பறப்புக்கு இரண்டாவது பைலட் விதிப்படி தேவைப்பட்டிருக்க வேண்டும்.

இனி விவரத்துக்கு வருவோம். இந்தக் குழப்பம் பலருக்கும் வருவதற்குக் காரணம், 'எத்தனை பைலட்' என்ற முடிவு இரண்டு இடங்களில் எடுக்கப்படுகிறது என்பதைப் பயிற்சிப் பள்ளிகளில் யாரும் பிரித்துச் சொல்வதில்லை. ஒன்று, ஹெலிகாப்டரின் சான்றிதழ். ஃப்ளைட் மேனுவலில் குறைந்தபட்சக் குழு என்று ஒரு வரி இருக்கும். ஆர்44, பெல் 407, எச்125 எல்லாவற்றிலும் அது ஒரு பைலட். சிகோர்ஸ்கி எஸ்-92-இல் இரண்டு. எச்135, எச்145 இரண்டும் ஐ.எஃப்.ஆர். பறப்பிலும் ஒரே பைலட்டுக்குச் சான்று பெற்றவை. இரண்டாவது இடம், அந்தப் பறப்பை நடத்தும் நிறுவனத்துக்குப் பொருந்தும் இயக்க விதிகளும் அதன் ஏ.ஓ.சி.யும், அதாவது வணிகப் பறப்பு நடத்த அதற்குத் தரப்பட்ட சான்றிதழும். ஹெலிகாப்டர் ஒருவரால் ஓட்டக்கூடியதாக இருந்தாலும், இந்த வேலைக்கு இருவர் வேண்டும் என்று விதி சொல்லலாம், நிறுவனமே தன் மேனுவலில் எழுதியும் வைக்கலாம்.

உலக அளவில் அடித்தளம் போடுவது ஐகாவோ என்ற சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிகளில், லைசென்ஸ் பற்றிய முதலாம் இணைப்பு. அது சான்றிதழைப் பிடித்துக்கொள்கிறது. கமர்ஷியல் லைசென்ஸ் வைத்திருப்பவர், ஒரு பைலட்டுக்குச் சான்று பெற்ற ஹெலிகாப்டரில் வணிகப் போக்குவரத்துக்கு கமாண்டராக, அதாவது கேப்டனாக, இருக்கலாம். கோ-பைலட் தேவைப்படும் ஹெலிகாப்டரில் கோ-பைலட்டாக இருக்கலாம். ஒன்றுக்கு மேற்பட்ட பைலட்டுகளுக்குச் சான்று பெற்றதில் கமாண்டராக இருக்க ஏ.டி.பி.எல். வேண்டும். படிக்கச் சுலபமாகத்தான் இருக்கிறது.

ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமையின், அதாவது ஈயாசாவின் விதிகள் இங்கேதான் ஒரு படி தள்ளிப் போகின்றன. விமானங்களுக்கு 'மல்டி-பைலட்' என்றால் இரண்டு பைலட்டுக்குச் சான்று பெற்றது என்று மட்டுமே வரையறை. ஹெலிகாப்டர்களுக்கு மட்டும், ஃப்ளைட் மேனுவலோ ஏ.ஓ.சி.யோ கோ-பைலட் வேண்டும் என்று சொன்னால் அது மல்டி-பைலட் என்று வரையறை எழுதியிருக்கிறார்கள். நீங்கள் சொன்ன இரண்டு நிறுவனங்களையும் இதில் வைத்துப் பாருங்கள். அதே தொழிற்சாலை, அதே எஞ்சின், அதே காக்பிட். முதல் நிறுவனத்தில் அது சிங்கிள்-பைலட், இரண்டாவதில் ஏ.ஓ.சி. காரணமாக மல்டி-பைலட். இந்த ஒரு வரி வரையறையைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் தானாக இடத்தில் வந்து உட்காரும்.

அமெரிக்காவில் பழகியவருக்கு இது விசித்திரமாகப் படுவதில் ஆச்சரியம் இல்லை. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ.யின் விதியில் 12,500 பவுண்டுக்கு உட்பட்ட ஹெலிகாப்டருக்கு டைப் ரேட்டிங்கே, அதாவது அந்த மாடலை ஓட்டத் தனியாக வாங்கும் ரேட்டிங்கே, கிடையாது. எச்145 அந்த எடைக்குக் கீழே. அதனால் அங்கே ஆர்44-இல் இருந்து எச்145-க்குப் போகிறவரின் லைசென்ஸில் புதிதாக எதுவும் ஏறாது. நிறுவனப் பயிற்சியும் தேர்வும்தான் கணக்கு. சார்ட்டர் பறப்புகளுக்கான பார்ட் 135-இல் ஹெலிகாப்டர் கேப்டனுக்கு ஏ.டி.பி. (ஏ.டி.பி.எல்.-இன் அமெரிக்கப் பெயர்) கட்டாயம் என்பதும் ஒரு குறுகிய வகைக்குத்தான். மற்றபடி கண்ணால் வெளியே பார்த்துப் பறக்கும் வி.எஃப்.ஆருக்கு மொத்தம் 500 மணி நேரம், ஐ.எஃப்.ஆருக்கு 1,200 மணி நேரம் என்று அனுபவத்தை வைத்தே அளக்கிறார்கள். ஐரோப்பாவில் ஒவ்வொரு டைப்புக்கும் ரேட்டிங் வேண்டும். அது ஒரு வருடம்தான் செல்லும். அந்த வருடத்துக்குள் அந்த டைப்பில் குறைந்தது 2 மணி நேரமாவது பறந்திருக்க வேண்டும், காலாவதிக்கு முந்தைய 3 மாதங்களுக்குள் தேர்வும் கொடுக்க வேண்டும்.

லைசென்ஸ் வேறு, அந்தப் பறப்புக்கான அனுமதி வேறு என்பதற்கு அமெரிக்காவிலேயே எல்லோரும் அறிந்த ஓர் உதாரணம் இருக்கிறது. 2020 ஜனவரி 26-ஆம் தேதி கலிஃபோர்னியாவில் கலபாசஸ் மலைப்பகுதியில் கூடைப்பந்து வீரர் கோபி பிரையன்ட் உட்பட 9 பேர் இறந்த எஸ்-76பி விபத்து. பைலட்டிடம் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் இருந்தது. ஆனால் அந்த நிறுவனத்தின் அனுமதி வி.எஃப்.ஆர். பறப்புக்கு மட்டும். ஒரே பைலட். மேகத்துக்குள் நுழைந்த பிறகு எந்தப் பக்கம் மேல், எந்தப் பக்கம் கீழ் என்ற உணர்வு தவறி மலைச்சரிவில் மோதினார் என்பது அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் முடிவு. லைசென்ஸில் ஒரு ரேட்டிங் அச்சாகியிருப்பதால் அந்தத் திறன் கையில் இருக்கிறது என்று ஆகிவிடாது. விதிகள் ஏன் சும்மா ரேட்டிங்கோடு நிற்காமல் அண்மை அனுபவத்தையும் கேட்கின்றன என்பது இப்படிப்பட்ட அறிக்கைகளைப் படித்தால் விளங்கும்.

சரி, முதல் நிறுவனம், ஒரே பைலட். பலர் இதைச் சின்ன வேலை என்று நினைக்கிறார்கள், இரண்டு பைலட் வேலைக்குப் போகும் வழியில் ஒரு படிக்கட்டு என்கிறார்கள். எனக்கு அது சம்மதமில்லை. இரவில், மேகத்துக்குள், ஒரே ஆளாக ஓட்டுவதுதான் இந்தத் தொழிலிலேயே கடினமான வேலை.

ஒரு நிமிடத்தை மட்டும் எடுத்துப் பாருங்கள். இரவு, மழை, மருத்துவமனைக்குப் போகும் வழி. கட்டுப்பாட்டு அறை புதிதாக ஒரு வழியைச் சொல்கிறது, கூடவே புது அலைவரிசை. ஹெலிகாப்டரில் வலது கை சாய்வை ஆளும் சைக்ளிக் தண்டில், இடது கை ஏற்ற இறக்கத்தை ஆளும் கலெக்டிவ் தண்டில், இரண்டு கால்களும் பெடலில். நீங்கள் பழகிய ஆர்44-இல் வலது கையைச் சைக்ளிக்கிலிருந்து எடுக்கவே முடியாது. ரேடியோவைத் திருப்ப வேண்டுமானால் இடது கை கலெக்டிவை விட்டுவிட்டு வர வேண்டும். கூடவே சொன்னதைத் திருப்பிச் சொல்லவும் வேண்டும், காகிதத்தில் குறிக்கவும் வேண்டும், உயரத்தில் கண்ணும் இருக்க வேண்டும். அதனால்தான் ஐரோப்பிய விதி, ஐ.எஃப்.ஆரில் ஒரே பைலட் ஓட்டும் ஹெலிகாப்டரில் உயரத்தையும் திசையையும் பிடித்து நிறுத்தும் ஆட்டோபைலட் இருந்தே ஆக வேண்டும் என்கிறது. அங்கே இரண்டாவது பைலட்டின் இடத்தை நிரப்புவது அந்தக் கருவிதான். அது வேலை செய்யாத நாளில் அந்தப் பறப்பு ஒரே பைலட்டோடு கிளம்பக் கூடாது.

பைலட்டுக்கும் தனிக் கணக்கு உண்டு. வணிகப் போக்குவரத்தில் ஐ.எஃப்.ஆரில் தனியாக ஓட்டுவதற்கு முன், அதே மாதிரியான சூழலில் 25 மணி நேர ஐ.எஃப்.ஆர். அனுபவம் வேண்டும். அந்த டைப்பில் ஒற்றை பைலட்டாக 25 மணி நேரம் வேண்டும். அதில் 10 மணி நேரம் கமாண்டராகவோ இன்னொரு கேப்டனின் மேற்பார்வையில் கமாண்டராகவோ இருக்க வேண்டும், அதற்குள் மேற்பார்வையோடு 5 ஐ.எஃப்.ஆர். பறப்புகள் அடங்க வேண்டும். அப்புறம் ஒவ்வொரு 90 நாளுக்குள்ளும் ஒற்றை பைலட்டாக 5 ஐ.எஃப்.ஆர். பறப்பு, கருவிகளைப் பார்த்தே தரையிறங்க நெருங்கும் 3 அணுகுமுறை. தேர்வும் தனியாளாகவே கொடுக்க வேண்டும். பக்கத்தில் யாரோ செக்லிஸ்ட் படித்துக் கொடுத்துத் தேறிய தேர்வு, தனியாக ஓட்டுவதற்குச் செல்லாது.

ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டரில் இது இன்னும் நுணுக்கமாகும். பகலில் ஒரு பைலட்டும், பயிற்சி பெற்ற ஒரு தொழில்நுட்பக் குழு உறுப்பினரும் போதும். அவர் பெரும்பாலும் பாராமெடிக்கோ நர்ஸோ. முன் இருக்கையில் உட்கார்ந்து வரைபடம், ரேடியோ, தரையிறங்கும் இடத்துத் தடைகள் எல்லாவற்றிலும் உதவுவார். ஆனால் அவர் பைலட் அல்ல, அவரிடம் கட்டுப்பாட்டை ஒப்படைக்க முடியாது. இரவில் பொதுவிதி இரண்டு பைலட். நிறுவனம் நன்கு அறிந்த, வரையறுத்த பகுதிகளுக்குள் சில நிபந்தனைகளோடு ஒரு பைலட்டும் அந்த உறுப்பினரும் போகலாம். இதற்குக் கமாண்டர் ஆகக் கேட்கும் அனுபவம் சாதாரணமானதல்ல. கமாண்டராக 1,000 மணி நேரம், அதில் 500 ஹெலிகாப்டரில். அல்லது ஆம்புலன்ஸ் பறப்பிலேயே கோ-பைலட்டாக 1,000 மணி நேரம், அதில் 500 மேற்பார்வைக் கமாண்டராக, கூடவே ஹெலிகாப்டரில் 100 மணி நேரம் கமாண்டராக. கையில் சில நூறு மணி நேரம் மட்டும் இருக்கிற ஒருவருக்கு முதல் நிறுவனத்தில் உடனே இடம் கிடைக்காததற்குக் காரணம் இதுதான். உங்களுக்குத் திறக்கக்கூடிய கதவு பெரும்பாலும் இரண்டாவது நிறுவனத்தின் இடது இருக்கை. ஆம், ஹெலிகாப்டரில் கேப்டன் வழக்கமாக வலது பக்கம் உட்காருவார்.

அந்த இருக்கைக்கு என்ன வேண்டும்? முதலில் ஐரோப்பிய கமர்ஷியல் லைசென்ஸ். அமெரிக்க லைசென்ஸை நேராக மாற்றித் தர மாட்டார்கள், தியரித் தேர்வுகளை இங்கே எழுதித்தான் ஆக வேண்டும். ஐ.எஃப்.ஆர். பறப்பு என்றால் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங். பிறகு எம்.சி.சி., அதாவது இருவர் சேர்ந்து வேலை செய்யக் கற்கும் படிப்பு: வகுப்பில் 25 மணி நேரம், ஐ.எஃப்.ஆர். வகைக்குச் செயல்முறையில் 20 மணி நேரம். ஒருங்கிணைந்த படிப்பில் வருபவர்களுக்குச் செயல்முறை 15 மணி நேரம். முதல் மல்டி-பைலட் டைப் ரேட்டிங்கில் சேரவே, ஹெலிகாப்டரில் கமாண்டராக 70 மணி நேரம், எம்.சி.சி. சான்றிதழ், ஏ.டி.பி.எல். தியரித் தேர்ச்சி என்று மூன்றையும் கேட்பார்கள். அமெரிக்க கமர்ஷியல் லைசென்ஸுக்கு ஹெலிகாப்டரில் கமாண்டர் நேரம் 35 மணி இருந்தாலே போதும் என்பதால், விமானத்தில் தொடங்கி ஹெலிகாப்டருக்கு மாறியவர்கள் இந்த 70-இல் மாட்டிக்கொள்வதுண்டு. நீங்கள் முழுக்க ஆர்44-இல் படித்திருந்தால் இது பெரும்பாலும் ஏற்கனவே முடிந்திருக்கும்.

எம்.சி.சி.யை வெறும் சான்றிதழாக நினைத்துச் செலவைக் குறைக்கப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அதில் கற்பது என்னவென்று ஒரு காட்சியைச் சொல்கிறேன். சிமுலேட்டரில் ஒரு எஞ்சின் தீ எச்சரிக்கை ஒளிர்கிறது. ஓட்டுபவர் ஓட்டுவதை மட்டும் செய்கிறார். வேகம், திசை, உயரம். கண்காணிப்பவர் செக்லிஸ்ட்டை எடுக்கிறார், அணைக்க வேண்டிய எஞ்சினின் ஸ்விட்ச்சில் விரலை வைக்கிறார், "நம்பர் 1" என்கிறார், அழுத்தாமல் காத்திருக்கிறார். ஓட்டுபவர் திரும்பிப் பார்த்து, அது நம்பர் 1-தான் என்று கண்ணால் கண்டபின் "கன்ஃபர்ம்ட்" என்கிறார். அதற்குப் பிறகுதான் விரல் அழுத்தும். அந்த இரண்டு விநாடிக் காத்திருப்பு தனியாக ஓட்டிப் பழகியவருக்கு வரவே வராது. கை தானாகப் போய்விடும். நல்ல எஞ்சினை அணைத்துவிடும் விபத்துகள் அப்படித்தான் நடக்கின்றன. பல ஆண்டு தனியாக ஓட்டிய மிகத் திறமையான பைலட்டுகள்தான் எம்.சி.சி.யில் அதிகம் திணறுவார்கள்.

ஒரு பைலட்டா, இரண்டா என்று பேசும்போது நான் திரும்பத் திரும்ப எடுத்துப் படிக்கச் சொல்வது ஸ்காட்லாந்தில் 2013-இல் நடந்த இரண்டு விபத்துகளின் அறிக்கைகளை. இரண்டையும் விசாரித்தது பிரிட்டனின் விமான விபத்து விசாரணைப் பிரிவான ஏ.ஏ.ஐ.பி.

நவம்பர் 29-ஆம் தேதி இரவு, கிளாஸ்கோவில் காவல்துறை இசி135 ஹெலிகாப்டர் ஒன்று கிளத்தா என்ற மதுக்கூடத்தின் கூரை மேல் விழுந்தது. ஹெலிகாப்டருக்குள் ஒரு பைலட், இரண்டு காவலர்கள். கட்டடத்துக்குள் இருந்தவர்களையும் சேர்த்து 10 பேர் இறந்தார்கள். பிரதான தொட்டியில் எரிபொருள் இருந்தது. அதை எஞ்சின்களுக்கு ஊட்டும் தொட்டிகளுக்கு அனுப்பும் பம்ப் ஸ்விட்ச்சுகள் ஆஃபில் இருந்தன. எரிபொருள் குறைவு எச்சரிக்கை பலமுறை வந்திருக்கிறது, பைலட் அதை ஒப்புக்கொண்டு அணைத்திருக்கிறார். 10 நிமிடத்துக்குள் தரையிறங்கு என்று செக்லிஸ்ட் சொல்கிறது, அது நடக்கவில்லை. பக்கத்தில் இன்னொரு பைலட் இருந்திருந்தால் தப்பித்திருப்பார்கள் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அந்த எச்சரிக்கையை வாய்விட்டுப் படித்து, ஸ்விட்ச்சைப் பார்த்து, கடிகாரத்தைப் பார்ப்பதையே வேலையாகக் கொண்ட இன்னொருவர் அங்கே இல்லை.

அதே ஆண்டு ஆகஸ்ட் 23-ஆம் தேதி, ஷெட்லாந்தின் சம்பர்க் விமான நிலையத்தை நெருங்கிய சூப்பர் பூமா ஏ.எஸ்.332 எல்2 கடலில் விழுந்தது. எண்ணெய்த் தளத் தொழிலாளர்கள் 16 பேரும் பைலட்டுகள் இருவரும் இருந்தார்கள். 4 பயணிகள் இறந்தார்கள். இங்கே இரண்டு பைலட், ஐ.எஃப்.ஆர்., ஆட்டோபைலட் எல்லாமே இருந்தது. அணுகும்போது வேகம் குறைந்துகொண்டே போனதை இருவருமே கவனிக்கவில்லை. அந்த வகை அணுகுமுறைக்கு நிறுவனத்தின் செயல்முறை தெளிவாக வரையறுக்கப்படவில்லை, அதை எப்படி ஓட்டப் போகிறோம் என்பதில் பைலட்டுகளுக்குள் ஒத்த புரிதல் உருவாகவில்லை என்றது அறிக்கை. இரண்டு லைசென்ஸ்கள் ஒரே காக்பிட்டில் இருப்பதால் அது குழு ஆகிவிடாது. யார் எதைப் பார்க்க வேண்டும், எந்த எண்ணுக்குக் கீழே போனால் வாய் திறக்க வேண்டும் என்பது முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும். விதி எம்.சி.சி.யைக் கேட்பதும், சிங்கிள்-பைலட் ஹெலிகாப்டரையே இருவராக ஓட்டும்போது தேர்வையும் இருவராகக் கொடுக்கச் சொல்வதும் இதற்காகத்தான். இரண்டு விதமாகவும் ஓட்டுகிறவர் இரண்டு விதமாகவும் தேர்வு கொடுக்க வேண்டும். லைசென்ஸில் டைப் பெயருக்குப் பக்கத்தில் எந்த விதத்துக்கு அனுமதி என்று குறித்திருப்பார்கள். வேலைக்கு விண்ணப்பிக்கும் முன் அந்தக் குறிப்பை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி இரண்டாவது சந்தேகம், கேப்டனுக்கு ஏ.டி.பி.எல். வேண்டுமா என்பது. ஐரோப்பிய இயக்க விதி இதை இருக்கையை வைத்துத் தீர்க்கிறது. வணிகப் போக்குவரத்தில், நிறுவனம் தன் மேனுவலில் அந்த ஹெலிகாப்டருக்கு நிர்ணயித்த பயணி இருக்கைகள் 19-க்கு மேல் இருந்தால் எப்போதும், 9-க்கு மேல் இருந்தால் ஐ.எஃப்.ஆரில், குறைந்தது இரண்டு பைலட். கமாண்டரிடம் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கோடு ஏ.டி.பி.எல். இருக்க வேண்டும். ஒரே ஹெலிகாப்டரில் 9 இருக்கை மாட்டினால் ஒரு சட்டம், பத்தாவது இருக்கையைப் போட்டு ஐ.எஃப்.ஆரில் கிளம்பினால் வேறு சட்டம். ஆம்புலன்ஸாக அமைத்த எச்145-இல் ஸ்ட்ரெச்சர் போக இருக்கைகள் குறைவு என்பதால் இந்த விதி பெரும்பாலும் தொடாது. அது ஒரு பைலட்டுக்குச் சான்று பெற்ற ஹெலிகாப்டர் என்பதால் கமர்ஷியல் லைசென்ஸோடு கமாண்டராக இருக்க வழி உண்டு. ஆனால் ஏ.ஓ.சி. அதை மல்டி-பைலட் ஆக்கியிருக்கும்போது வரையறை எதிர்ப்பக்கமும் இழுக்கிறது. ஆகவே உங்கள் லைசென்ஸை வழங்கும் நாட்டின் அதிகாரியிடம் எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்வழிப் பதிலை நம்பி ஒரு வேலையை ஒப்புக்கொள்ள வேண்டாம். சட்டம் விட்டாலும் நிறுவனம் தன் மேனுவலில் கேப்டனுக்கு ஏ.டி.பி.எல். என்று எழுதி வைத்திருந்தால் அதுதான் முடிவு.

ஏ.டி.பி.எல். கணக்கு இது. வயது 21, ஹெலிகாப்டரில் 1,000 மணி நேரம். அதில் 350 மல்டி-பைலட் ஹெலிகாப்டரில். கமாண்டராக 250, அல்லது கமாண்டராக 100-உம் மேற்பார்வைக் கமாண்டராக 150-உம். நெடும்பறப்பு 200, கருவி நேரம் 30, இரவு 100. இதில் ஒரு நுணுக்கம் பலர் கண்ணில் படுவதில்லை. 250 மணி நேரத்தையும் மல்டி-பைலட் ஹெலிகாப்டரில் மேற்பார்வைக் கமாண்டராகவே முடித்தும் ஏ.டி.பி.எல். வாங்கலாம், ஆனால் கமாண்டராக 100 மணி நேரம் சேரும் வரை அந்த லைசென்ஸ் மல்டி-பைலட் பறப்புக்கு மட்டும். உயர்ந்த லைசென்ஸ் கையில் இருந்தும், ஒரே பைலட்டாகப் பயணியை ஏற்றிக்கொண்டு போக முடியாத நிலை. தனியாக ஓட்டுவதை விதியே எவ்வளவு தனியான திறமையாகப் பார்க்கிறது என்பது இதில் தெரியும்.

மருத்துவச் சான்றிதழும் இந்தப் பிரிவைத் தொடுகிறது, இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. முதல் வகுப்புச் சான்றிதழ் பொதுவாக ஒரு வருடம். ஒரே பைலட்டாகப் பயணிகளை ஏற்றும் வணிகப் பறப்பில் இருப்பவருக்கு 40 வயது தாண்டியதும் அது 6 மாதமாகக் குறைகிறது. இரண்டு பைலட் பறப்பில் இருப்பவருக்கு 60 வரை இந்தக் குறைப்பு இல்லை. ஐகாவோ தரத்தில் வணிகப் பறப்புக்கு வயது வரம்பு ஒரே பைலட்டுக்கு 60, இருவர் குழுவில் 65. அதோடு ஐரோப்பாவில் ஓ.எம்.எல். என்று ஒரு கட்டுப்பாடு உண்டு. உடல்நலத்தில் ஒரு குறை, ஆனால் முழுதாக நிராகரிக்கும் அளவுக்கு இல்லை என்றால், இன்னொரு முழுத் தகுதியுள்ள பைலட் பக்கத்தில் இருக்கும் மல்டி-பைலட் பறப்பில் மட்டும் ஓட்டலாம் என்று சான்றிதழில் போடுவார்கள். அந்த இன்னொருவர் 60 தாண்டியவராகவோ அவரும் ஓ.எம்.எல். உள்ளவராகவோ இருக்கக் கூடாது. ஒற்றை பைலட் தளங்களை மட்டும் வைத்திருக்கும் நிறுவனத்தில் வேலை செய்பவருக்கு அந்த மூன்று எழுத்து வேலையையே பறித்துவிடும். இரண்டு பைலட் நிறுவனத்தில் இருப்பவர் அதே உடல்நிலையோடு தொடர்ந்து பறப்பார். வாழ்நாள் முழுக்க ஒரே வகை வேலையை நம்பியிருக்க வேண்டாம் என்று நான் இளையவர்களிடம் சொல்வதற்கு இது முக்கியக் காரணம்.

மூன்றாவது சந்தேகம், லாக்புக். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வாசகம் கிட்டத்தட்ட ஒன்றே: ஹெலிகாப்டரின் சான்றிதழ்ப்படியோ, அந்தப் பறப்பை நடத்தும் விதிகளின்படியோ ஒன்றுக்கு மேற்பட்ட பைலட் தேவைப்பட்டால் கோ-பைலட் நேரம் எழுதலாம். அதனால் இரண்டாவது நிறுவனத்தின் எச்145 நேரம் செல்லும். முதல் நிறுவனத்தில் அனுபவத்துக்காகச் சும்மா இடது பக்கம் உட்கார்ந்து வந்த நேரம் செல்லாது, எத்தனை முறை ரேடியோ பேசியிருந்தாலும் சரி. ஐகாவோ தரம் இதில் இன்னும் இறுக்கமானது. ஒரு பைலட்டுக்குச் சான்று பெற்று, நாட்டின் விதிப்படி கோ-பைலட்டோடு ஓட்டப்படும் ஹெலிகாப்டரில், உயர் லைசென்ஸுக்கான மொத்த நேரத்தில் கோ-பைலட் நேரத்தின் பாதிக்கு மேல் சேராது. கோ-பைலட் ஓட்டுவதற்கான வசதியோடு இருந்து, உண்மையான இருவர் குழுவாக இயக்கப்பட்டால் முழு நேரத்தையும் ஏற்க நாடுகளுக்கு அனுமதி உண்டு. பிறகு ஐரோப்பாவை விட்டு வேறு நாட்டுக்கு லைசென்ஸை மாற்றும்போது உங்கள் மணி நேரம் பாதியாகக் குறையக்கூடிய இடம் இதுதான்.

உங்கள் நிலையில் நான் இருந்தால் செய்வது இதுதான். தியரியை கமர்ஷியல் அளவோடு நிறுத்தாமல் ஏ.டி.பி.எல். தியரியாகவே எழுதுவேன். 18 மாதத்துக்குள் எல்லாப் பாடத்தையும் முடிக்க வேண்டும், ஒவ்வொன்றிலும் 75 சதவீதம், ஒரு பாடத்துக்கு அதிகபட்சம் 4 முயற்சி. கஷ்டம்தான். ஆனால் மல்டி-பைலட் டைப் ரேட்டிங்குக்கே அது வேண்டும். வேலையில் சேர்ந்து குடும்பமும் வந்த பிறகு மீண்டும் வகுப்பில் உட்காருவது பலருக்கு நடக்காமலே போகிறது. எழுதி முடித்த தேர்ச்சி, லைசென்ஸில் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கோ ஹெலிகாப்டர் டைப் ரேட்டிங்கோ கடைசியாகச் செல்லுபடியான நாளிலிருந்து 7 வருடம் உயிரோடு இருக்கும். கமர்ஷியல் தியரிக்கு அந்த வசதி கிடையாது, 36 மாதம்தான். அடுத்து இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங், அதன் பின் எம்.சி.சி. நிறுவனம் டைப் ரேட்டிங்கோடு எம்.சி.சி.யையும் சேர்த்துத் தருவதாகச் சொன்னால் ஒப்புக்கொள்ளுங்கள். அதே சிமுலேட்டரில் சேர்த்துச் செய்யும்போது செயல்முறை நேரம் குறையும், பழகும் நடைமுறையும் அந்த நிறுவனத்தின் நடைமுறையாகவே இருக்கும்.

வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே இன்னொன்றையும் செய்துவிடுங்கள். ஆபரேஷன்ஸ் மேனுவலில் குறைந்தபட்சக் குழு இரண்டு பைலட் என்று சொல்லும் பக்கத்தை, அதன் திருத்த எண்ணும் தேதியும் தெரியும்படி நகல் எடுத்து லாக்புக்கோடு வைத்துக்கொள்ளுங்கள். மேனுவல் மாறும், நிறுவனம் கைமாறும், சில நேரம் மூடியும் போகும். ஐந்து வருடம் கழித்து இன்னொரு நாட்டு அதிகாரி "இது ஒரு பைலட் ஹெலிகாப்டர் ஆயிற்றே, கோ-பைலட் நேரம் எப்படி வந்தது?" என்று கேட்கும்போது, எடுத்துக் காட்ட அந்தப் பக்கம் உங்கள் கையில் இருக்க வேண்டும்.